மூட்டையக்கா

ஐம்பத்தெட்டாவது படியில் இடுப்பு மாற்றுகிறார். இடது பக்கம் இருந்த மணல் மூட்டை வலது பக்கத்துக்குப் போகிறது. நின்ற நிலையிலேயே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சின்ன நோட்டில் ஒரு கோடு இழுக்கிறார். காலை மணி ஏழு இருபது. மூச்சு வாங்குகிறது, முழங்கால் முனகுகிறது, ஆனால் மூட்டையை மட்டும் கீழே வைப்பதில்லை. மொத்தம் நூற்று நாற்பத்தாறு படி. கடைசிப் படியை மிதிக்கும்வரை இறக்கக் கூடாது என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

மூட்டை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய போர்வைத் துணியைக் கிழித்து இரட்டைத் தையல் போட்டு, உள்ளே ஒன்பது கிலோ ஆற்று மணல். ஒரு வயதுக் குழந்தை ஏறக்குறைய அந்த எடைதான் இருக்கும். வாரச் சாமான் வாங்கித் திரும்புகிறவளின் கைப்பையும் அவ்வளவுதான் இருக்கும். அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டுதான் தெருத் தெருவாக நடக்கிறார். ஆளைப் பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவார் போல இருக்கும். ஐம்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடி எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். நகராட்சியில் நகரமைப்புப் பிரிவின் கள அலுவலர். எந்தத் தெருவுக்கு எது இருந்தால் அங்கே இருக்கிறவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். பணிப் பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் ‘மூட்டை மேடம்’ என்கிறார்கள். தெருவில் முகத்துக்கு நேராகவே ‘மூட்டையக்கா’. அவருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். மாதம் ஒருமுறை மூட்டையை அங்கே கொண்டுபோய்த் தராசில் வைத்துப் பார்ப்பார். தையல் வழியே மணல் கசிந்து எடை குறைந்திருந்தால் கொஞ்சம் சேர்த்து மறுபடி தைத்துக் கொடுப்பார். “எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தது வளர்ந்து வேலைக்குப் போயிடுச்சு. இளையது நாலு வருஷமா ஒன்பது கிலோவுலயே நிக்குது, சத்து எதுவும் ஒட்ட மாட்டேங்குது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மூத்தது என்பது மகள். உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கிற வேலை அவளுக்கு. அவள் பயம் அவளுக்கு. “இடுப்பு ஒரு பக்கம் இறங்கிட்டே வருதும்மா. இன்னும் பத்து வருஷத்துல நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் நடப்பே.”

“அதுக்குத்தானே பாதி வழியில மாத்திக்கறேன்” என்பார் தாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அவருக்கு ஒரு கேள்வி ஆகாது. ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்பது. கூட வேலை செய்கிறவர்கள் யாராவது படிவத்தில் அதை அச்சடித்துக் கொண்டுவந்தால் பென்சிலால் அடித்துவிடுவார். “வீடு தேடி வந்தவங்க முகத்தைப் பார்த்து ஜனங்க ஒரு பதில் சொல்லுவாங்க. அது நமக்குப் பிடிச்ச பதிலா இருக்கும். அவங்களுக்கு வேண்டியது அதுல இருக்காது” என்பார். அவர் கேட்பதெல்லாம் வேறு. நேற்று எங்கெங்கே போனீர்கள், எங்கே நின்றீர்கள், யாரைப் பார்த்தீர்கள், ஏன் பாதியில் திரும்பினீர்கள். இதைவிட அவர் நம்புவது சுவரை. படிக்கட்டின் ஓரச் சுவரில் சில இடங்களில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருக்கும். ஏறுகிறவர்கள் கையூன்றி மூச்சு வாங்கிய இடங்கள் அவை. போன வருடம் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது வாளியின் முன்னால் போய் நின்றுகொண்டார். “கொஞ்ச நாள் பொறுங்கப்பா. நான் இன்னும் படிச்சு முடிக்கல.” வெள்ளையடிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறது. ‘காலியிடம்’. அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. புது நோட்டு மாற்றும்போதெல்லாம் முதல் வேலையாக அந்தச் சொல்லை எழுதிக் குறுக்கே கோடு போட்டுவிடுவார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவரும் கையை வீசிக்கொண்டு நடந்தவர்தான். இதே குடியிருப்பு. குன்றின் அடியில் ஏழு அடுக்குமாடிக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் அகலமான வெறுந்தரை. படிவக் கட்டோடு ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்து இறங்கினார். முந்தின நாள் முழுக்க மழை. தரையில் ஈ, காக்கை இல்லை. வரைபடத்தில் அந்த இடத்தின்மேல் ‘காலியிடம்’ என்று எழுதினார். பிறகு வீடு வீடாகப் போய், இங்கே ஒரு பூங்கா வந்தால் நன்றாக இருக்குமா என்று கேட்டார். பூங்கா வேண்டாம் என்று எந்த மகராசி சொல்வாள்? எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். வருடம் திரும்புவதற்குள் பூங்கா வந்துவிட்டது. சுற்றிலும் இரும்பு வேலி, நடுவில் நீரூற்று, வாசலில் ஒரு பலகை. ‘இங்கு துணி உலர்த்தக் கூடாது.’

மழையில்லாத நாளில் அந்தத் தரை காலியாக இருந்ததே கிடையாது. ஏழு கட்டடத்துத் துணியும் அங்கேதான் காய்ந்தது. துணிக்குக் காவல் என்ற சாக்கில் பெண்கள் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் மூன்று மணிவரை பேச்சு ஓயாது. புதிதாகக் குடிவந்தவளுக்கு அங்கேதான் சிநேகிதி கிடைத்தாள். பிரசவம் ஆனவளின் குழந்தையை நாலு மடி மாறி மாறி வைத்துக்கொண்டன. முதல் கட்டடத்துத் தையல்காரி ஓரம் மடிக்கிற வேலையை அங்கே உட்கார்ந்துதான் செய்தார். அங்கிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து அங்குமாக நாளைக்கு ஆறேழு நடை நடந்தார். கொடிக்கயிறு போனதும் அவரவர் ஜன்னல் கம்பியில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும் நேரத்துக்குக் காவலாளி பூங்காவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். நீரூற்று தன் தலையில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றது.

திறந்து ஆறு மாதம் கழித்து, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப்போக வந்தவரைத் தையல்காரிதான் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். அவருக்கு இவரைவிட ஒன்பது வயது கூடுதல். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் இரண்டு குண்டூசி. ஊசிகளை எடுத்து நிதானமாக ஊசி குத்துகிற குட்டித் தலையணையில் குத்திவிட்டுத்தான் பேசினார்.

“படிவம் கொண்டுவந்தது நீதானே?”

“ஆமாக்கா.”

“கைய வீசிக்கிட்டு வந்தா எல்லா இடமும் காலியாத்தாம்மா தெரியும்.”

அவ்வளவுதான் சொன்னார். ஜன்னலைக்கூட சாத்தவில்லை, மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டார். சாத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று மூட்டையக்கா இன்றைக்கும் சொல்வார். அன்று வீட்டுக்குப் போனதும் பழைய போர்வையைக் கிழித்தார். பலகையை எடுக்க வைக்க இரண்டு வருடம் அலுவலகத்தில் மேசைக்கு மேசை அலைந்தார். பலகை போயிற்று. ஆனால் கலைந்த கூட்டம் கூடவில்லை. அந்தக் குற்றம் அவர் மனதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதை அவர் மறைப்பதும் இல்லை.

தையல்காரிக்குச் சர்க்கரை முன்பே உண்டு. நடமாட்டம் நின்றதும் அதற்குக் கேட்பாரில்லாமல் போய்விட்டது. காலில் புண் வந்தது. சென்ற வருடக் கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். நாள் விட்டு நாள் கட்டு மாற்றாவிட்டால் பாதமும் மிஞ்சாது என்று சொல்லித்தான் பெரிய மருத்துவமனையிலிருந்து அனுப்பி வைத்தார்கள். கட்டு மாற்றுகிற மருத்துவ நிலையமோ நூற்று நாற்பத்தாறு படிக்கு மேலே, குன்றின் தலையில் இருக்கிறது. வண்டிப் பாதை குன்றைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர். நாள் விட்டு நாள் யார் வண்டி பிடிப்பது? எட்டு மாதமாகத் தையல்காரி வாசல் தாண்டவில்லை. எதிர்வீட்டுப் பெண் வாரத்தில் ஒரு நாள் தனக்குத் தெரிந்தமட்டும் கட்டிவிடுகிறாள்.

இது மூட்டையக்காவுக்குத் தெரிந்தது நர்ஸின் பதிவேட்டிலிருந்து. மேலே இருக்கிற நிலையத்தில் ஒரே ஒரு நர்ஸ். தவறாமல் வர வேண்டியவர்கள் என்று நாற்பது பெயர் எழுதி வைத்திருந்தார். அதில் இருபத்தாறு பெயருக்கு நேரே ‘அலட்சியம்’ என்று ஒரு சொல்.

“எத்தனை தடவைதான் சொல்றது மேடம்? அவங்க உடம்பு, அவங்களுக்கே அக்கறையில்லை” என்றார் நர்ஸ்.

மூட்டையக்கா இருபத்தாறு வீட்டுக்கும் போனார். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு ஒருவர் நேரமில்லை என்றார், ஒருவர் இப்போது தேவலை என்றார், ஒருவர் நாளைக்குக் கண்டிப்பாகப் போகிறேன் என்றார். படி ஏற முடியவில்லை என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. முடியவில்லை என்று சொல்வது மானப் பிரச்சினை. அதுவும் அந்தப் படியில் பத்து வயதில் ஓடி ஏறியவர்களுக்கு. ஆக, கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயம் இது இல்லை என்று முடிவு செய்தார். பத்தொன்பது நாள், காலை, நண்பகல், மாலை என்று நேரம் மாற்றி மாற்றி மூட்டையோடு ஏறி இறங்கினார். எங்கே இறக்கி வைக்கத் தோன்றுகிறதோ அங்கே இறக்காமல் நின்று குறித்துக்கொண்டார். முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, தொண்ணூறு, நூற்று இருபத்தொன்று. நான்கு இடத்திலும் சுவர் கறுத்திருந்தது.

அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. நான்கு இடத்தில் உட்கார இருக்கை, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. ஐம்பத்தெட்டாவது படியருகே பூட்டிக் கிடக்கிற பழைய பம்பு அறையைச் சுத்தம் செய்து வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேரம் கட்டு மாற்றுகிற அறையாக்குவது. நர்ஸிடம் அவர் நோட்டைக் காட்டியபோது நர்ஸ் நான்கு எண்ணையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு, “ஐம்பத்தெட்டு அவங்க ஏறட்டும். எண்பத்தெட்டு நான் இறங்கறேன்” என்றார். அன்று சாயங்காலமே பதிவேட்டில் ‘அலட்சியம்’ என்று இருந்த இடமெல்லாம் தாள் ஒட்டி மறைத்துவிட்டார்.

பொறியாளர்தான் மசியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வரைபடத்தை மனிதர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறவர், அவ்வளவே. மேலே மருத்துவ நிலையத்துப் பக்கத்துச் சமதளத்தில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கூடம் போடுவதாக வண்ணத்தில் படம் வரைந்து வைத்திருந்தார். எட்டு இயந்திரம், நடுவில் புல். இந்த வருடத்து ஒதுக்கீட்டில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். மாதம் முடிவதற்குள் முடிவாகாவிட்டால் அதுவும் கையைவிட்டுப் போய்விடும்.

“பத்தொன்பது நாள் ஏறி இறங்கி என்னம்மா கண்டுபிடிச்சீங்க? படி செங்குத்தா இருக்குன்னா? அதை நான் இங்க உட்கார்ந்தே சொல்லியிருப்பேனே.”

“சார், உடற்பயிற்சி பண்ண மேலே ஏறி வரணும். மேலே ஏறி வர்றவங்களுக்கு அந்த உடற்பயிற்சி தேவையில்லை.”

“சரி, உங்க மூட்டைய அறிக்கையில எந்தப் பத்தியில சேர்க்கட்டும்?” என்று கேட்டார் பொறியாளர். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூட்டையக்காவும் கூடவே சிரித்துவிட்டு, “இணைப்புல சேருங்க சார், எடை மட்டும் சரியா போட்டுடுங்க” என்றார். சிரித்தாலும் அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த மாதிரித் திட்டத்துக்குக் குடியிருப்பவர்களின் கூட்டம் ஒன்று கூட்டியாக வேண்டும் என்பது விதி. பொறியாளர் சனிக்கிழமை பத்து மணி, மருத்துவ நிலைய முற்றம் என்று இடம் குறித்துக் கொடுத்தார். அறிவிப்பு எழுதி ஒட்டுகிற வேலை மூட்டையக்காவுடையது. கடைசி வரியாக அவர் ஒன்று சேர்த்தார். ‘வருகிறவர்கள் தத்தம் இருக்கையைக் கையோடு கொண்டுவரவும்.’ இதை அவர் தெரிந்து எழுதினாரா தெரியாமல் எழுதினாரா என்று அலுவலகத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது. கேட்டால், நிலையத்தில் பன்னிரண்டு நாற்காலிதான் இருந்தது என்பார். அது பொய்யும் இல்லை.

வெள்ளிக்கிழமை தையல்காரியின் ஜன்னலுக்குப் போனார். தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட காலை ஒரு பலகைமேல் நீட்டி வைத்துக்கொண்டு, மற்றக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் கூட்டம்க்கா.”

“ஒட்டியிருந்ததைப் படிச்சுச் சொன்னாங்க.”

“நீங்க வரணும்.”

“எதுக்கு? கையெழுத்துக்கா? போன தடவை ஒண்ணு போட்டேன். உட்கார்ந்திருந்த இடம் போச்சு. இப்ப இன்னொண்ணு போட்டா வீடும் போயிடுமோ என்னவோ.”

“கையெழுத்து வேணாம்க்கா. வரமுடிஞ்ச வரைக்கும் வாங்க, போதும். பாதியில நின்னாலும் பரவாயில்லை.”

இயந்திரம் நின்றது. தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “பாதிவரைக்கும் வர்ற கூட்டம் எந்த ஊர்ல நடக்கும்? நீ போ. எனக்கு வேலை கிடக்கு.” அதற்குமேல் கெஞ்சி நிற்க மூட்டையக்காவுக்கு வாய் வரவில்லை. கெஞ்சும் உரிமை தனக்கு இல்லை என்று அவர் நினைத்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பொறியாளர் மேலே தயார். வண்ணப் படத்தைத் தாங்கியில் நிறுத்தி, அது காற்றில் சாயாமலிருக்கக் கல் வைத்தாயிற்று. எதிரே பதினோரு பேர், எல்லாம் இளவட்டங்கள். பத்தே காலாயிற்று. கூட்டம் எங்கே என்று கைப்பேசியில் கூப்பிட்டார்.

“எங்கம்மா இருக்கீங்க? ஆரம்பிக்கணுமே.”

“ஆரம்பிச்சாச்சு சார். நீங்கதான் தள்ளி இருக்கீங்க.”

அவர் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். படிக்கட்டு முழுக்க நாற்காலி. மர நாற்காலி, மடக்கு நாற்காலி, குளியலறை முக்காலி, கவிழ்த்துப் போட்ட பால் கூடை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் எங்கே தாங்க முடியவில்லையோ அங்கே போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வந்தவர் நாற்காலி போட்டு உட்கார்வதில் மானக்கேடு ஒன்றும் இல்லையே. நூற்று இருபத்தொன்றில் நான்கு பேர். தொண்ணூறில் ஏழு பேர். ஐம்பத்தெட்டில் பம்பு அறையைச் சுற்றி ஒரு கல்யாண வீடே இருந்தது. முப்பத்தொன்றில் யாரும் இல்லை. அந்த அளவே ஏற முடிகிறவர்கள் கூட்டத்துக்கென்று கிளம்பவே இல்லை.

பொறியாளருக்கு முதலில் கோபம்தான் வந்தது. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். தொண்ணூறாவது படியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஏன் பெரியவரே, இன்னும் கொஞ்சம் மேலே வரக்கூடாதா?”

“டிக்கெட் இதுவரைக்கும்தான் சார்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பொறியாளருக்கும் உதடு கொஞ்சம் கோணியது. அதன்பிறகு அவர் இறங்கிக்கொண்டே நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தார். மூட்டையக்கா இடுப்பில் மூட்டையோடு, கையில் சுண்ணக்கட்டியோடு, ஒவ்வொரு நாற்காலியின் நாலு காலையும் சுற்றித் தரையில் வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். யாரையும் இன்னும் ஒரு படி ஏறச் சொல்லவில்லை. “இங்கதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அப்புறம் மாத்த முடியாது” என்று மட்டும் கேட்டார். ஐம்பத்தெட்டை அடைந்தபோது பொறியாளரும் அங்கே வந்து, பம்பு அறையின் துருப்பிடித்த பூட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாற்பத்து மூணு நாற்காலி” என்றார் அவர், யாரிடமும் சொல்லாதது போல. “முப்பத்தொண்ணுல ஒண்ணுமே இல்லையேம்மா. உங்க நோட்டுல நாலு இடம்னு இருந்தது. அதை எடுத்துடலாமா?”

மூட்டையக்கா கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் கட்டடத்து வாசலைத் தாண்டி, படிக்கட்டின் அடியில் தையல்காரி நின்றிருந்தார். கையில் தையல் இயந்திரத்தின் முன்னால் போட்டுக்கொள்கிற முக்காலி. அதை இரண்டு படி மேலே வைப்பார், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை ஏற்றுவார், பிறகு கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொள்வார். மறுபடி முக்காலி இரண்டு படி மேலே. கழுத்தில் அளவு நாடா ஆடியது. படியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். எதிர்வீட்டுப் பெண் எழுந்து ஓடப் போனாள். மூட்டையக்கா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

அவருக்கும் ஓடிப் போய்க் கைகொடுக்க வேண்டும் என்று உடம்பு பரபரத்தது. கைகொடுத்தால் தையல்காரி ஐம்பத்தெட்டுவரை வந்துவிடுவார். அப்புறம் அவர் தனியாக எங்கே நின்றிருப்பார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். பம்பு அறை திறந்தபின் கட்டு மாற்ற வரும்போது கைகொடுக்க யார் இருப்பார்கள்? அதனால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் முட்டியதைத் துடைக்கவும் இல்லை. ஏறுவதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

சுவர் கறுத்திருந்த இடத்தில் முக்காலி நின்றது. தையல்காரி அதில் உட்கார்ந்து, சுவரில் கையூன்றி, மூச்சு சீராகும்வரை யாரையும் பார்க்கவில்லை. மூட்டையக்காவும் பொறியாளரும் இறங்கி வந்தார்கள்.

“இதுக்கு மேல என்னால முடியாது” என்றார் தையல்காரி.

“வேணாம்க்கா. இது போதும். இங்க ஒரு இருக்கை வந்தா, உட்கார்ந்து ஆறிட்டு மீதியை ஏறிக்கலாம்.” மூட்டையக்கா சுண்ணக்கட்டியோடு குனிந்தார்.

தையல்காரி அவர் கையைத் தள்ளிவிட்டார். இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையிலிருந்து துணியில் கோடு போடுகிற தன் நீலக்கட்டியை எடுத்தார். உட்கார்ந்தபடியே குனிந்து, முக்காலியின் மூன்று காலையும் சுற்றித் தானே கோடு போட்டார். துணியில் வெட்டுக்கோடு போடுகிற அதே சுத்தம். கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர் போட்ட கோடு அது.

பொறியாளர் கக்கத்திலிருந்த சுருளைப் படியின்மேல் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். “முப்பத்தொண்ணு” என்று எழுதிக்கொண்டார். “இருக்கை உயரம் எப்பவும் போல பதினேழு அங்குலம்தானே?”

“யாரைக் கேட்டு?” என்றார் தையல்காரி. “தாழ்வா போட்டா உட்காரலாம், எந்திரிக்க ஆள் தேடணும். அளந்து எழுதுங்க.” கழுத்திலிருந்த நாடாவை உருவினார். முக்காலியின் விளிம்பில் ஒரு நுனியை வைத்து மறு நுனியைக் கீழே விட்டார். அது காற்றில் சுழன்று கீழ்ப்படியில் சுருண்டது. ஒரு கையில் மூட்டையை அணைத்துக்கொண்டு மறு கையால் அதைப் பிடிக்க மூட்டையக்கா இரண்டு தரம் முயன்றார். நாடா நழுவிக்கொண்டே இருந்தது.

தையல்காரி முதல் முறையாக அந்த மூட்டையை உற்றுப் பார்த்தார். போர்வைத் துணி, இரட்டைத் தையல், ஓரத்தில் கசிகிற மணல். பிறகு அதைச் சுமக்கிறவரின் முகத்தைப் பார்த்தார்.

“அதை இறக்கி வைம்மா” என்றார். “இதுக்கு ரெண்டு கையும் வேணும்.”

மூட்டையக்கா படியில் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த மூட்டையை எடுத்து நீலக்கோட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். இரண்டு கையாலும் நாடாவைப் பிடித்து, இழுத்து, தரையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.